மேற்குச் சுவர் இன்னும் காயவில்லை

அன்புள்ள சேகர்,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்த்தவளுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. அன்றிலிருந்து நீ போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ஆபீசுக்குச் செய்தாலும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தின் நடுவில் புகுந்து நீ பேச முடியாது. இதை உன் அப்பா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் பெரி ஏறிக் கடலைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் புக்கிட் மெர்தாஜாம் வந்து, வீடு கட்டுகிற இடத்திலேயே உன்னைப் பிடிப்பார். நீ படித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நிற்பார், பாவம். சனிக்கிழமை காலை ஆட்கள் வந்து மேற்குச் சுவரில் பூச்சு வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடே வேண்டாம் என்கிற உன் மாமனார் கட்சியில் என்னையும் சேர்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்சி இல்லை. நீ ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி வீடு கட்டப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னபோது சிரித்தது உன் அப்பாதான். "வைக்கோல்ல வீடா? பக்கத்து மாடு வந்து பாதிச் சுவரத் தின்னுட்டுப் போயிடும் லா" என்றார். நான் சிரிக்கவில்லை. உன்னைப் பள்ளியில் சேர்த்த வருஷத்திலிருந்து போன வருஷம் வரை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கியூசி வேலை பார்த்தவள் நான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மற்றவர்கள் நல்லது என்று தள்ளிவிட்ட சாமானில் கோளாறு தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அன்றைக்கு நீ வரைந்து காட்டிய வீட்டுப் படத்திலும் தேடினேன். மழைத் தண்ணீர் தரையிலிருந்து ஏறினால் என்ன செய்வாய் என்றேன். முழங்கால் உயரத்துக்குக் கல் வைத்துக் கட்டி, அதற்கு மேல்தான் வைக்கோல் என்றாய். சாரல் அடித்தால்? கூரையை நாலு பக்கமும் நன்றாக வெளியே நீட்டுவேன் என்றாய். கட்டும்போதே மழை வந்தால்? தூணும் கூரையும் முதலில், சுவர் கடைசியில் என்றாய். வெளியே சிமெண்டு பூசினால் உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும், அதனால் களிமண்ணும் சுண்ணாம்பும்தான் என்றும் சொன்னாய். மேலே குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், உன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன். என் பாஷையில் அதற்கு பாஸ் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் சொல்கிறேன். அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதற்கு முன்னால் போய்க் கேட்டு வாங்கினாய். இங்கே கட்டு கட்டிக் கொடுக்க இயந்திரம் கிடைக்கவில்லை என்று பலகையில் ஒரு பெட்டி அடித்தாய். அதற்குள் வைக்கோலைப் போட்டு, மேலே ஏறி மிதித்து, இறுக்கிக் கயிறு கட்டி, பெட்டியைத் திறந்து கட்டை வெளியே எடுக்க வேண்டும். லீவு நாளெல்லாம் நாம் மூன்று பேரும் அந்த வேலைதான். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் மிதித்தேன், உன் அப்பா கயிறு இழுத்தார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்து மூட்டைகளை எண்ணியவர், மூட்டை கட்டுவது இத்தனை கஷ்டமா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சொன்னால் நம்ப மாட்டாய், என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அத்தனை சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. அப்போது நீ ஒவ்வொரு கட்டுக்குள்ளும் கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். "உள்ள சொரசொரன்னு குளுமையா இருக்கணும்மா. பிசுபிசுன்னு சூடா இருந்துச்சுன்னா அது வீட்டுக்கு ஆகாது, தூக்கிக் கடாசிடு." அப்படி எத்தனையோ கட்டுகளைக் கழித்து வைத்தோம். நீ கொஞ்சம்கூட யோசிக்காமல் கழித்தாய். உன் அப்பா "இது பரவால்ல லா, வெச்சிக்கலாம்" என்று கெஞ்சுவார், நீ கேட்க மாட்டாய். அந்தச் சேகரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு இந்தப் 'பரவாயில்லை' பழைய வியாதி. நாம் சுங்கை பினாங்கில் பலகை வீட்டில் குடியிருந்தபோது ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆறு பொங்கி வீட்டுக்குள் வந்ததை நீ மறந்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துத் தள்ளினோம். பலகையெல்லாம் ஊறிப் போயிருந்தது. தீபாவளிக்குத் துறைமுகத்துப் பெரிய கிராணி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். உன் அப்பா ஒரு டின் நீலப் பெயிண்டு வாங்கி வந்து, ஊறிய பலகை மேலேயே இழுத்து இழுத்து அடித்துவிட்டார். வீடு பளபளவென்று ஆகிவிட்டது. வந்தவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே பாராட்டினார்கள். அடுத்த மாதம் பெயிண்டு கொப்பளித்தது. ஒரு கொப்புளத்தை நான் நகத்தால் கீறினேன், உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. அதற்குள் உனக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது உன் கழுத்தெலும்புக்கு மேலே பள்ளம் விழும். வெந்நீர்ச் சட்டிக்கு மேல் உன் தலையைப் பிடித்துக்கொண்டு, போர்வையைப் போர்த்தி, நானும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சுவரைப் பற்றித்தான் முதலில் கேட்டார். உன் அப்பா அந்தப் பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதுசு அடித்தார், அடிக்கும்போது அழுதார். மூச்சு விடுகிற வீடு, பெயிண்டு இல்லாத வீடு என்று நீ பேசும்போதெல்லாம் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததை என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் அதை மறக்கவில்லை. மாலதி பிரசவத்துக்கு ஈப்போவில் தாய் வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் நேராகப் புது வீட்டுக்குத்தான் வர வேண்டும், பால் காய்ச்சுகிற அன்றைக்கே வர வேண்டும் என்று பெரியவர்கள் நாங்கள்தான் முடிவு செய்தோம். வைகாசியில் நாள் குறித்தோம். வைகாசி தவறினால் ஆனி, ஆடி இரண்டிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆவணி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை உன் மகளை வாரக் கடைசியில் விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போதாக்குறைக்கு உன் மாமனார் வேறு. "எம்பொண்ணு மாட்டுக் கொட்டாயில இருக்கணும்னு தலையெழுத்தா?" என்று நிச்சயதார்த்தத்தில் பேசாத பேச்செல்லாம் இப்போது பேசுகிறார். வீடு சொன்ன நாளில் முடியாவிட்டால் தாமான் குடியிருப்பில் ஒரு கல் வீடு பார், அதுவரை மாலதி எங்களோடு இருக்கட்டும் என்று உன்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். நீ எத்தனை நெருக்கடியில் இருக்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது.

இந்த நிலைமையில்தான் போன வாரம் விடியற்காலையில் அந்தச் சுமத்ராப் புயல்காற்று அடித்தது. இங்கே எங்கள் ஜன்னல் கதவே பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நீ வேலைக்கு அருகில் பிறை டவுனில் தங்கியிருந்தாய். நீ போய்ச் சேர்வதற்குள் மேற்குச் சுவரில் கட்டியிருந்த தார்ப்பாயைக் காற்று பிடுங்கி வயலில் போட்டுவிட்டது, மழை குறுக்கே அடித்து மேல் வரிசையிலிருந்து உள்ளே இறங்கிவிட்டது. நீட்டின கூரையும் அன்றைக்குக் கை கொடுக்கவில்லை. அது உன் தப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தபோது மற்ற மூன்று சுவரும் பூசி முடித்து அழகாக நின்றன. மேற்குச் சுவர் மட்டும் வெறும் வைக்கோலாக இருந்தது, வெயில் பட்டு மேலே நன்றாக உலர்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஈப்போவிலிருந்து உன் மாமனார் வேறு வந்திருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்க தோஷத்தில் இரண்டு கட்டுக்கு நடுவே கையை விட்டேன். முழங்கை வரை போனதும் சூடு. இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி ஈரச் சூடு. கையை வெளியே எடுத்தேன், புளித்த வாடை. வளையலில் நாலு கறுத்த வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் ஆச்சரியம் இல்லை, சேகர். ஏற்கனவே நீயும் கை விட்டுப் பார்த்தாகிவிட்டது என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துபோயிற்று.

உன் மாமனார் அப்போதுதான் கேட்டார், "இது ஏன் மாப்ள இன்னும் பூசல? மழையில நனைஞ்சிருச்சோ?" நீ அந்தச் சுவரைத் தட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னாய், "மேல மட்டும்தான் மாமா. எல்லாம் காஞ்சிருச்சு. சனிக்கெழம பூசிருவோம்." அவர் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். நான் என் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சம்பந்தி முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உன்னைத் தனியாகப் பிடித்தேன். "உள்ள வேகுதுடா" என்றேன்.

"அம்மா, பிளீஸ் லா. இன்னிக்கி வேணாம்."

"இன்னிக்கி வேணாம்னா என்னிக்கி? பூசின பொறவா?"

"சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும்மா. உள்ள இருக்கற ஈரம் தானா வெளிய வந்துரும்."

"இவ்ளோ ஈரமுமா? நீதானே சொன்ன, சூடா இருந்தா கடாசிடுன்னு?"

"அது கட்டறப்ப. இப்பக் கடாசுனா மறுபடி மொதல்லேருந்து. நாள் இருக்கா? நீங்களே சொல்லுங்க, நாள் இருக்கா?"

"சொவரு மூச்சு விடும், சரி. ஒம்மவ விடுவாளா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று வீடு திரும்புகிற வழியெல்லாம் யோசித்தேன். உன் முகம் செத்துப்போயிற்று. "ஒங்களுக்கு எப்பவுமே எதுலயாச்சும் ஒரு கொற கண்டுபிடிக்கணும்மா. ரிட்டயர் ஆயிட்டீங்க, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஏணி மேல் ஏறிக்கொண்டு, நாங்கள் கிளம்புகிறவரை கீழே இறங்கவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பெரியில் உன் அப்பா கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார், நான் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டார், தலைவலி என்றேன். இந்தச் சுவரில் இன்னொரு பூச்சு அது.

செவ்வாய்க்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ ஒட்டுக் கேட்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னார். சுங்கைப் பட்டாணியில் இருக்கிறாரே அவருடைய பெரியப்பா மகன், முனியாண்டி பெரியப்பா என்று நீ கூப்பிடுவாயே, அவர் செத்துப்போய்விட்டார் என்று ஈப்போவுக்குச் சொல்லிவிடலாமாம். "பங்காளி சாவு, தீட்டுன்னு சொல்லிட்டா போதும். சம்பந்தி வாயத் தெறக்க மாட்டாரு. பால் காச்சறது தானா ஆவணிக்குப் போயிடும். ஒம்மவனுக்கும் மானம் போவாது, சொவரும் காஞ்சிரும்." அந்த மனிதர் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார், போன வாரம்தான் லாட்டரியில் நாலு நம்பர் விழுந்தது என்று போனில் கத்தினார். "நல்லா இருக்கறவரக் கொல்லலாமாங்க?" என்றேன். "ஆவணிக்கப்பறம் உயிரோட வரட்டும், அவரு கோவிச்சிக்க மாட்டாரு லா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். உனக்காக அண்ணனையே பாடையில் ஏற்றத் தயாராக இருக்கிறார் உன் அப்பா, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பொய்தான் சொல்வோம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். எல்லாருக்கும் மானம் மிஞ்சும். ஆனால் நேற்று முழுக்க அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நாளைத் தள்ளி வைத்தால் சுவர் தானாகக் காய்ந்துவிடுமா? காயாது. நனைந்த கட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் காய்ந்த வைக்கோல் வைத்து மறுபடி அடுக்க வேண்டும், அடுத்த அறுப்பு வரை பொறுக்க வேண்டும். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் நீ. ஆனால் சாவுச் செய்தியால் நாள் தள்ளிப் போனால், உன் சுவர் நல்ல சுவராகவே எல்லார் கண்ணிலும் நிற்கும். நீ சொன்ன 'காஞ்சிருச்சு' உண்மையாகவே நிற்கும். சொன்ன வாயால் அதைக் கழற்ற உனக்கு வராது, சனிக்கிழமையே பூசிவிடுவாய். உனக்கு எதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காது என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? பள்ளியில் காலை முறித்துக்கொண்டு வந்து, சுளுக்கு என்று சொல்லி நொண்டாமல் நடந்து காட்டியவன் நீ.

இருந்தாலும் உண்மையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்குக் காலையில் உன் அப்பா மீன் வாங்கப் பாசாருக்குப் போனதும் ஈப்போவுக்குப் போன் போட்டேன். அந்த நேரத்தில் சம்பந்திதான் எடுப்பார். முனியாண்டி பெரியப்பாவைச் சாகடித்துவிடுவது என்றுதான் போட்டேன், குரலில் கொஞ்சம் அழுகையைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். எடுத்தது மாலதி. என் குரலைக் கேட்டதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "அத்தை, பாப்பா சாமானெல்லாம் பெட்டியில வெச்சிட்டேன். தொட்டில் எங்க கட்டப்போறோம்னு அவரு சொல்லிட்டாரு. சொவத்துக்குள்ளயே ஒக்கார எடம் வுட்டு ஒரு பெரிய ஜன்னல் வெச்சிருக்காராமே, அதுகிட்ட. சாயங்கால வெயிலு வருமாம்." எந்தச் சுவர் என்று நான் அவளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் உன் மகள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லிவிட்டேன், சேகர். சாவைச் சொல்லவில்லை. "அந்தச் சொவரு ஈரம்மா. உள்ள அழுவ ஆரம்பிச்சிருச்சு. இந்த மாசம் பிள்ளையத் தூக்கிட்டு வராத" என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவருக்குத் தெரியுமா அத்தை?"

தெரியும் என்றால் உன்னை உன் மனைவியிடம் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. "அவன் இன்னிக்கிப் போன் பண்ணுவான். அவன்கிட்டயே கேளும்மா" என்றேன். "சரி அத்தை, அதுவரைக்கும் அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள். நல்ல பெண். உன் கோபத்துக்குப் பயந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். இனிமேல் நீ என் வீட்டு வாசலை மிதிக்காமல் போனாலும் போவாய். ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன்.

நீ அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. தெரியும் என்று சொன்னால் அவள் வருத்தப்படுவாள், உன் மாமனார் குதிப்பார், ஆவணி வரை நீ தனியாக இருப்பாய். அந்தச் சுவரைக் கழற்ற நானும் உன் அப்பாவும் வருவோம். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி மிதிப்பேன், என் முழங்கால் என்ன சொன்னாலும் சரி. தெரியாது என்று நீ சொன்னாலும் நான் குறுக்கே பேச மாட்டேன். அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடுதான் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குள் காலை வைப்பாள்.

நிமிர்ந்து பார். உன் அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருப்பார், உன்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டு. சட்டைப் பையில் அவர் சில்லறை வைத்திருக்கிறார். சாலை முனையில் இருக்கிற பொதுத் தொலைபேசி வரை உன்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போவார், பேசி முடிக்கிறவரை தள்ளி நிற்பார். மாலதி மத்தியானத்திலிருந்தே போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

அம்மா